எண்ணம் போல் வாழ்வு

"எண்ணம் போல் வாழ்வு" என்பது எம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. மூன்றே சொற்களில் ஒரு பெரும் பாடம் இதில் அடங்கியுள்ளது. ஆயினும் இதனைப் பிழையாக விளங்கிக் கொள்வோரும் உளர். நல்லதை நினைத்திருந்தாலே போதும், எல்லாம் தானாக வந்து சேரும் என்பர் சிலர். ஒருவருக்கு வந்த நோயும் வறுமையும் அவரது எண்ணத்தின் பலனே என்று குறை கூறுவர் வேறு சிலர். இவ்விரண்டும் சரியல்ல.

இதனை விளங்கிக் கொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. கண்டிக்கான புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு மலையேறும் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னோர் இயந்திரமும் சேர்க்கப்படும். அந்த இயந்திரம் மலையின் ஏற்றத்தைக் குறைக்கவில்லை. தண்டவாளம் போடவும் இல்லை. ஆனால் அது தள்ளியதால் பாரமான ரயிலும் மேலே வந்து சேர்ந்தது. எமது எண்ணமும் அத்தகையதே. அது மலையை அகற்றாது. மலையேறும் வலுவைத் தரும்.

எண்ணமும் உடல்நலமும்

கோபம், பயம், கவலை ஆகியன மனதோடு நின்று விடுவதில்லை. அவ்வேளைகளில் அட்ரினலின், கோர்ட்டிசோல் எனும் சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கின்றது. இரத்த அழுத்தமும் இரத்தத்தில் சீனியின் அளவும் உயர்கின்றன. ஆபத்திலிருந்து தப்பி ஓடுவதற்கு இது உதவும். ஆனால் நாள் முழுவதும் மனதில் பகையையும் கவலையையும் சுமப்பவரின் உடல் ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருக்கின்றது. நித்திரை கெடுகின்றது, இதயம் பாதிப்படைகின்றது. வள்ளுவர் பெருமான் வெகுளாமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தத்தை இன்றைய மருத்துவமும் உணர்த்துகின்றது.

2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் சிந்திக்கத்தக்கது. ஏழு ஹோட்டல்களில் அறைகளைத் துப்புரவு செய்யும் 84 பெண்கள் அதில் பங்குபற்றினர். ஒரு பிரிவினரிடம் மட்டும், "நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சிதான்" என்று விளக்கப்பட்டது. நான்கு வாரங்களின் பின் அவர்களது நிறையும் இரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்திருந்தன. சிறியதோர் ஆய்வு என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், செய்யும் தொழிலைச் சுமையாக எண்ணுவதற்கும் மதிப்போடு எண்ணுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை இது காட்டுகின்றது. கொழுந்துக் கூடையுடன் மேடு பள்ளம் ஏறி இறங்கும் எமது தாய்மாருக்கும் இது பொருந்தும். அதற்காக அவர்களுக்கு ஓய்வும் சத்துணவும் நியாயமான சம்பளமும் வேண்டாம் என்பதல்ல.

நல்லெண்ணம் மருந்துக்குப் பதிலாகாது என்பதையும் இங்கு வலியுறுத்த வேண்டும். "சாமி பார்த்துக் கொள்வார்" என்று கூறி சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்காமல் விடுவது பக்தியல்ல. கிளினிக்குக்கு உரிய நாளில் போகும் மனமே நல்ல மனம். அவ்வாறே, தீராத சோர்வும் வாழ்வில் வெறுப்பும் வாட்டுமாயின் அது குணக்கேடல்ல. வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசுவதில் எந்த வெட்கமும் இல்லை.

எண்ணமும் மகிழ்ச்சியும்

மகிழ்ச்சியைக் கெடுக்கும் பெரும் பகை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளை வெளிநாடு போனதும், உறவினர் புதிய வீடு கட்டியதும் எமது வீட்டில் துக்கமாகி விடுகின்றன. நேற்று வரை நிறைவாகத் தெரிந்த வீடு இன்று குறையாகத் தெரிகின்றது. வீடு மாறவில்லை, எண்ணம்தான் மாறியது.

எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நன்றி சொல்லத்தக்கவற்றை வாரந்தோறும் எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களை விட மனநிறைவுடன் இருந்ததாக அவர்கள் கண்டனர். நாம் எழுதத் தேவையில்லை. மாலையில் விளக்கேற்றும்போது அன்று கிடைத்த மூன்று நன்மைகளை நினைத்து நன்றி கூறினால் போதும். ஆலயத்துக்கு வரும்போதும் குறைகளை மட்டும் முறையிடாது, கிடைத்தவற்றுக்காகவும் ஒரு கும்பிடு போடலாம் அல்லவா?

எண்ணமும் வெற்றியும்

எமது கண்டி மாவட்டமே இதற்குச் சான்று தருகின்றது. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியில் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்த பாட்டனாரின் பேரன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். பிறவியிலேயே முழங்கையை முற்றாக நீட்ட முடியாதவர். 1995 டிசம்பரில் மெல்பேர்ன் மைதானத்தில், பல்லாயிரம் பேர் முன்னிலையில், அவரது பந்துவீச்சு முறையற்றது என்று நடுவர் அறிவித்தார். அவர் வசைமொழியைக் கையிலெடுக்கவில்லை. விளையாட்டை விட்டு ஓடவுமில்லை. விஞ்ஞானப் பரிசோதனைகளுக்குத் தம்மை உட்படுத்தினார். 2004இல் முழங்கை அசையாதவாறு பட்டை அணிந்தும் பந்துவீசிக் காட்டினார். 2010 ஜூலையில் காலியில் தமது இறுதி டெஸ்ட் போட்டியில் இறங்கியபோது அவரிடம் 792 விக்கெட்டுகள் இருந்தன. அப்போட்டியிலேயே எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தி 800ஐத் தொட்டார். அவரது கை மாறவில்லை. உறுதியும் இடைவிடாத பயிற்சியுமே அவரை உயர்த்தின.

மலையக மக்களாகிய எமக்குத் தடைகள் இருந்தது உண்மை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். அத்தடைகள் எமது எண்ணத்தால் வந்தவையல்ல. ஆனால் "எமக்கு இவ்வளவுதான்" என்ற நினைப்பு, பிறர் பூட்டிய விலங்கின் மேல் நாமே பூட்டும் இரண்டாவது விலங்காகும். 1897 ஜனவரியில் கொழும்பிலிருந்து ரயிலில் இம்மலையேறிக் கண்டிக்குச் சென்ற சுவாமி விவேகானந்தர் வாழ்நாள் முழுதும் போதித்ததும் இதனையே: தன்னைப் பலவீனன் என்று எண்ணாதே.

இந்த இரண்டாவது விலங்கைப் பெரும்பாலும் நாமே பிள்ளைகளுக்குப் பூட்டி விடுகின்றோம். "மக்கு", "உனக்குக் கணக்கு ஏறாது" என்று பெற்றோர் கோபத்தில் சொல்வதைப் பிள்ளை மறப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறினால், "இனிப் போதும், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போ" என்று அனுப்பி விடுகின்றோம். "இன்னொரு முறை எழுது, நான் இருக்கின்றேன்" என்ற ஒரு சொல் அப்பிள்ளையின் வாழ்வையே திருப்பிவிடக் கூடும். மலையேறும் ரயிலுக்குப் பின்னால் நின்று தள்ளும் இயந்திரம் அதுவே.

ஆகவே அன்பர்களே, காலையில் எழுந்ததும் ஒரு நல்லெண்ணம். பகலில் அதற்கேற்ற ஒரு செயல். இரவில் யார் மீதும் பகையில்லாத நித்திரை. இம்மூன்றையும் இன்றே எமது இல்லங்களில் தொடங்குவோம். எண்ணத்தில் தூய்மையும் செயலில் உறுதியும் பெற்று யாவரும் நலமுடன் வாழ இறைவன் திருவருள் துணைநிற்பதாக.