காணாமற்போன மின்சாரம்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த செங்கம், போளூர்ப் பக்கங்களில் வேளாண்மை பெரிதும் கிணற்று நீரையே நம்பியுள்ளதென்பதை நம் மாணவர் அறிவர். அக்கிணற்று மோட்டார்களுக்கான மின்சாரம் 1984ஆம் ஆண்டில் சிறு விவசாயிகளுக்கும், 1990ஆம் ஆண்டில் ஏனையோருக்கும் இலவசமாயிற்று. விலையில்லாப் பொருளை அளப்பாரும் அருகினர். ஆதலின், மோட்டாரின் குதிரைத்திறனையும் அது ஓடும் நேரத்தையுங் கொண்டு செலவை மதிப்பிடுவதே வழக்கமாயிற்று.

இதனால் நேரும் இடர்ப்பாட்டை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு மின்மாற்றி 1000 யூனிட்டு வழங்கியதென்றும், வீட்டு மீட்டர்கள் 400 காட்டினவென்றும், மோட்டார்களுக்கு 450 என மதித்தனரென்றும் கொள்க. எஞ்சிய 150 யூனிட்டே நஷ்டம்; நூற்றுக்குப் பதினைந்து. மோட்டார்கள் உண்மையில் 350 யூனிட்டே கொண்டிருப்பின், நஷ்டம் 250 ஆகும். கம்பியிலோ களவிலோ போன 100 யூனிட்டு உழவன் தலையில் ஏறிவிட்டதன்றோ!

மீட்டருள்ள நகரத் தெருக்களிலும் கணக்குப் பிழைபடும். வீட்டு மீட்டரைப் படிப்பது இரு மாதங்கட்கு ஒருமுறை. அதுவும் தெருவுக்கு ஒரு நாள். மின்மாற்றியின் மீட்டரைப் படிப்பது வேறொரு நாள். இடையே கார்த்திகைத் தீபம் வந்து, ஊரெங்கும் விளக்கும் விடுதியும் பெருகினால், அந்நாட்களின் செலவு ஒரு கணக்கில் ஏறி மற்றதில் ஏறாது. இல்லாத நஷ்டமொன்று தோன்றும். ஸ்மார்ட் மீட்டர்களோ கால்மணி அல்லது அரைமணிக்கொருமுறை, யாவும் ஒரே கணத்திற் கணக்கெடுப்பன.

எனினும், எவ்வீடு எம்மின்மாற்றியைச் சேர்ந்ததென்னும் படம் பிழையாயின், மீட்டரால் யாது பயன்? திருவூடல் தெரு வீடுகள் சிலவற்றை அடுத்த மின்மாற்றியின் பெயரிற் பதிந்துவிட்டதாகக் கொள்வோம். ஒன்றில் களவு போனதுபோல் நஷ்டம் தோன்றும். மற்றதில் கொடுத்ததினும் கொண்டது மிகும். பின்னது இயற்கையில் நிகழாதது. ஆகவே அதுவே பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஒரே மின்மாற்றியைச் சேர்ந்த வீடுகளில் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறியிறங்கும். அதனை ஒப்பிட்டும் படத்தைத் திருத்தலாம். இதனைச் செய்யாமுன் ஒரு தெருவாரைக் கள்வரெனல் தகாது. 2008ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம், 30,000 மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் கம்பங்களையும் இணைப்புக்களையும் படத்திற் குறிக்கப் பணித்தது இது கருதியே.

கம்பியில் மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பநஷ்டம் நான்கு மடங்காகும். நெடுந்தொலைவிலுள்ள கிணற்றுக்குக் குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவது இதனாலேயே செலவு மிக்கது. அச்செலவையறியக் கிணறுதோறும் மீட்டர் வேண்டுவதில்லை. 2021ஆம் ஆண்டுத் திட்டம் விவசாய இணைப்புக்களைத் தனித்தனி ஸ்மார்ட் மீட்டரினின்று விலக்கி, பீடர்களையும் மின்மாற்றிகளையும் அளக்கவும், விவசாயப் பீடர்களைப் பிரிக்கவும் வகைசெய்துள்ளது. அவ்வாறு பிரித்த பீடரில் சில மோட்டார்களை மட்டும் உடன்பட்டவரிடம் அளந்தாலும், 450 சரியா 350 சரியா என்பது ஓரளவு வெளிப்படும்.