தரவுத்தள இணைப்பும் முறைப்பாசனமும்

வைகை அணை 1959ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் முழு நீர்மட்டம் 71 அடி. அணை நிரம்பியிருப்பினும், தலைமடையில் ஒருவர் தம் முறை முடிந்த பின்னும் மடையை அடையாது விட்டால் கடைமடை வயல் காய்ந்தே போகும். அது நீர்க்குறை அன்று, முறைக்குறை. ஒரு தரவுத்தளத்தைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துமிடத்தும் இதே நிலை நேரக் காண்கிறோம்.

கல்லூரி அலுவலகமொன்றில் கட்டணம் பெறும் மென்பொருள் இயங்குவதாகக் கொள்வோம். மென்பொருளுக்கும் தரவுத்தளத்திற்கும் இடைப்பட்ட வழியே ‘இணைப்பு’ எனப்படும். கட்டணம் செலுத்தாதோர் பட்டியலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கையிலேயே, அதே இணைப்பின் வழியே பற்றுச்சீட்டையும் பதிய முனைந்தால், ‘இணைப்பு வேறு பணியில் உள்ளது’ என்னும் பொருள்படப் பிழைச்செய்தி தோன்றும். மாணவர் வரிசை அசையாது நிற்கும்.

இந்நெரிசல் மூவகைப்படும். வகையறியாது மருந்திடல் பயன் தராது.

முதலாவது, முந்தைய வினவலின் விடை முழுவதும் படிக்கப்படாமல் இணைப்பை அடைத்து நிற்பது. விடையை நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே மூடுதல் வேண்டும். அல்லது பதிவுக்குத் தனி இணைப்பு வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஓர் இணைப்பில் பல விடைகளைத் திறந்து வைக்கும் வசதி உண்டு. எனினும், ஒரே இணைப்பைப் பல செயல் இழைகள் ஒருசேரக் கையாள அது இடந்தராது.

இரண்டாவது, இணைப்புக் குளம் வற்றுதல். டாட் நெட் முறையில் எஸ்.க்யூ.எல். சர்வருக்கான குளத்தின் இயல்பான மேலெல்லை 100 இணைப்புகள். எடுத்தவை மூடப்படாமல் அவ்வெல்லை எட்டப்பட்டால், புதிதாகக் கேட்பவர் இயல்பாக 15 நொடி காத்திருந்து பிழையுடன் திரும்புவார். பிற்படத் திறந்து முற்பட மூடுவதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, பூட்டு. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத இயலும். 2010ஆம் ஆண்டு அதில் சேர்க்கப்பெற்ற முன்பதிவேட்டு முறையில், எழுதுபவர் படிப்போரைத் தடுப்பதில்லை. ஆயினும் எழுதுபவர் அப்போதும் ஒருவரே. அம்முறை ஒரே கணிப்பொறிக்குள் மட்டுமே செல்லும். வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புக்குப் பொருந்தாது. எழுத்தர் படிவத்தை நிரப்பும் வரை பூட்டைப் பிடித்திருத்தல் கூடாது. விவரங்கள் யாவும் திரண்ட பின்னரே பதிவைத் தொடங்கி விரைந்து முடித்தல் வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தையோ குளத்தின் எல்லையையோ கூட்டுவது, அடைபடாத மடையை விட்டுவிட்டு அணையை உயர்த்துவதற்கு ஒப்பாகும். எந்த இணைப்பு எப்போது திறந்தது, எப்போது மூடியது எனக் குறிப்பெழுதச் செய்தால் அடைப்பின் இடம் புலப்படும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. காலம் கடந்தது என்னும் செய்தி கண்டவுடன் பொத்தானை மீண்டும் அழுத்தலாகாது. முதற்பதிவு உள்ளே சேர்ந்திருக்கவும் கூடும். அவ்வாறாயின் ஒரே மாணவர் பெயரில் கட்டணம் இருமுறை ஏறிவிடும். சரிபார்த்த பின்னரே மறுமுறை முயலவேண்டும். தன் பணி முடிந்ததும் மடையை அடைத்து அடுத்தவர்க்கு வழிவிடும் நிரலே நன்னிரல் என்க.