தயங்கிய மனம், தளராத உழைப்பு

தேர்வில் சிறந்த புள்ளிகள் பெற்ற பின்னும் சிலருக்கு மனநிறைவு ஏற்படுவதில்லை. பணியில் உயர்வு கிடைத்த பின்னும், “இது என் திறமையால் வந்ததன்று, ஏதோ நல்ல நேரம்” என்றே அவர்கள் எண்ணுகின்றனர். தமக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது என்பதை மற்றவர்கள் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்னும் அச்சம் அவர்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். இம்மனநிலையை ஆங்கிலத்தில் ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்பர். தமிழில் இதனைத் ‘தன்னைப் போலியெனக் கருதும் உணர்வு’ எனலாம்.

1978ஆம் ஆண்டில் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் இவ்வுணர்வைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிக் கண்டறிந்தவற்றை அவர்கள் அதில் விளக்கினர். பட்டங்களும் பாராட்டுகளும் இருந்தும் அப்பெண்களுள் பலர் தங்கள் திறமையை நம்பவில்லை. ஆண்களுக்கும் இவ்வுணர்வு உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. இதனை ஒரு நோய் என்று கருத வேண்டியதில்லை. எனினும், இதற்கு முழுமையாக இடங்கொடுத்தால் நல்ல வாய்ப்புகளும் கைநழுவிப் போகும்.

இவ்வுணர்வோடு போராடிக்கொண்டே வானியலில் மாபெரும் கண்டுபிடிப்பை நிகழ்த்தியவர் ஜோசலின் பெல் பர்னெல். இவர் 1943ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் பிறந்தார். பதினொரு வயதையொட்டி எழுதிய தேர்வில் இவர் தேர்ச்சி பெறவில்லை. ஆயினும், படிப்பைத் தொடர்ந்து ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றார். அங்குச் சிறப்புப் பட்ட வகுப்பில் இவர் ஒருவரே பெண். இவர் விரிவுரை மண்டபத்திற்குள் நுழையும்போதெல்லாம் மாணவர்கள் சீழ்க்கையடிப்பர். கால்களால் தரையை உதைத்தும் மேசையைத் தட்டியும் கேலி செய்வர். இவர் முகம் சிவக்காமல் நடந்து சென்று அமரப் பழகிக்கொண்டார்.

1965ஆம் ஆண்டு ஜோசலின், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். அங்கிருந்த எல்லாரும் அறிவாளிகளாகவும் தன்னம்பிக்கை மிக்கவர்களாகவும் அவருக்குத் தோன்றினர். தம்மைத் தவறுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும், தவறு தெரிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள் என்றும் அவர் எண்ணினார். ஆனால், அதற்கு முன்பே தாமாக விலகிவிட அவர் விரும்பவில்லை. வெளியேற்றப்படும் நாள் வரையில் முழு மூச்சாக உழைப்பது என்று முடிவு செய்தார். அப்படி உழைத்தால், போகும்போது குற்றவுணர்வாவது இல்லாமல் போகலாம் அல்லவா?

முதல் ஈராண்டுகள் உடலுழைப்பிலேயே கழிந்தன. பேராசிரியர் ஆண்டனி ஹூவிஷின் தலைமையில் ஏறத்தாழ நான்கரை ஏக்கர் நிலத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கியை அமைக்கும் பணி நடைபெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை நட்டு, அவற்றிற்கிடையே கம்பிகளைக் கட்ட வேண்டும். ஜோசலின் மற்றவர்களோடு சேர்ந்து சம்மட்டி பிடித்தார். கம்பி வடங்களை இணைத்தார்.

1967ஆம் ஆண்டு தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதன் பதிவுக் கருவி நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள தாளில் கோடுகளை வரைந்து தள்ளியது. அக்காலத்தில் அவற்றைக் கணினி கொண்டு ஆராயவில்லை. ஜோசலினே கண்ணுங்கருத்துமாக ஒவ்வோர் அங்குலத்தையும் பார்த்தார். எதையேனும் விட்டுவிட்டால் தம் தகுதியின்மை வெளிப்பட்டுவிடும் என்னும் அச்சம் அவரை மேலும் கவனமாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தாளில் கால் அங்குல அளவே இருந்த ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. அது விண்மீன் போலவும் இல்லை. வாகனங்கள், மின்கருவிகள் முதலியவற்றால் வரும் இடையூறு போலவும் இல்லை. வேறொருவராயின் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த தாளைப் புரட்டியிருக்கலாம். ஜோசலினோ பழைய தாள்களை எடுத்துத் தேடினார். வானத்தின் அதே பகுதியிலிருந்து அதே கிறுக்கல் முன்பும் வந்திருந்தது.

நவம்பர் இறுதியில் அவர் பதிவுக் கருவியை வேகமாக ஓடவிட்டு அச்சமிக்ஞையை விரித்துப் பார்த்தார். ஏறத்தாழ ஒன்றே கால் வினாடிக்கும் சற்று அதிகமான இடைவெளியில், கடிகாரத்தைப் போலத் துடிப்புகள் தவறாமல் வந்தன. இது மனிதர் உண்டாக்கிய சமிக்ஞையாகத்தான் இருக்கும் என்று பேராசிரியர் முதலில் கருதினார். கம்பிகளைத் தாமே தவறாக இணைத்துவிட்டோமோ என்னும் கவலை ஜோசலினுக்கு. தவறு அவருடையதென்றால், அவர் அஞ்சிய நாள் வந்துவிட்டது என்று பொருள்.

அவர்கள் ஊகத்தை நம்பாமல் சான்றுகளைத் தேடினர். விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாகவே உதிக்கும். இச்சமிக்ஞையும் அதே ஒழுங்கில் வந்ததால், அது விண்ணிலிருந்தே வருவது புலனாயிற்று. வேறொரு தொலைநோக்கியிலும் அதே துடிப்பு பதிவானது. எனவே, கம்பி இணைப்பில் பிழையில்லை என்பது உறுதியாயிற்று. டிசம்பரில், வானத்தின் மற்றொரு பகுதியிலிருந்து இரண்டாவது துடிப்பையும் ஜோசலின் கண்டுபிடித்தார். ஒரு பெருவிண்மீன் வெடித்த பிறகு எஞ்சும் அடர்த்தி மிக்க உட்கரு வேகமாகச் சுழல்வதே இத்துடிப்புக்குக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. இத்தகைய விண்மீன்களே ‘பல்சார்’ எனப்படுகின்றன.

1968ஆம் ஆண்டு பிப்ரவரியில் இக்கண்டுபிடிப்பு வெளியானதும் செய்தியாளர்கள் திரண்டு வந்தனர். அறிவியல் கேள்விகளைப் பேராசிரியரிடம் கேட்டனர். ஜோசலினிடமோ அவரது உயரத்தைப் பற்றியும் ஆண் நண்பர்களைப் பற்றியும் வினவினர். 1974ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ஆண்டனி ஹூவிஷ், மார்ட்டின் ரைல் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. ஜோசலினின் பெயர் அதில் இல்லை. இம்முடிவை அறிவியலாளர் சிலர் வெளிப்படையாகக் குறைகூறினர். ஒருவரது தன்னையம் அவரது மனத்தில் மட்டுமே பிறப்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதமும் அதனை வளர்க்கிறது என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

ஜோசலின் தம் பணியைக் கைவிடவில்லை. குடும்பப் பொறுப்புகளுக்கிடையே பல ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை செய்தார். பின்னர்ப் பேராசிரியரானார். பிரிட்டனின் இயற்பியல் கழகத்திற்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி என்னும் பெருமையும் பெற்றார். 2018ஆம் ஆண்டு 30 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள சிறப்புப் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் அத்தொகை முழுவதையும் இயற்பியல் ஆய்வில் குறைந்த அளவே இடம்பெறும் பெண்கள், சிறுபான்மையினர், அகதிகள் முதலியோரின் கல்விக்காக அளித்துவிட்டார். வேறுபட்ட பின்னணியிலிருந்து வருபவர்கள், மற்றவர்கள் காணாததைக் காண்பார்கள் என்பது அவரது நம்பிக்கை.

ஜோசலினின் ஐயம் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. அது மறையட்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. ஐயத்தோடே உழைத்தார், மனம் சொன்னதை அப்படியே ஏற்காமல் சான்றைக் கொண்டு சரிபார்த்தார். நாமும், “எனக்குத் தகுதியில்லை” என்று மனம் சொல்லும்போது அதற்குச் சான்று எங்கே என்று கேட்க வேண்டும். செய்து முடித்த பணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். நம் அருகில் தயங்கி நிற்பவரிடம், “உங்களால் முடியும்; நீங்கள் இதைச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்” என்று கூறுவதும் நம் கடமையாகும்.

சிந்தித்து விடை கூறுக

1. கேம்பிரிட்ஜில் சேர்ந்தபோது ஜோசலின் எடுத்த முடிவு யாது? ஏன்?
2. கம்பி இணைப்பில் பிழையில்லை என்பது எவ்வாறு உறுதியாயிற்று?
3. ஜோசலினின் அச்சம் அவரது கண்டுபிடிப்புக்கு எவ்வாறு துணைபுரிந்தது?
4. ஒருவரது தன்னையத்தைச் சுற்றியிருப்பவர்கள் வளர்க்கவும் குறைக்கவும் முடியும். பனுவலிலிருந்தும் உம் அனுபவத்திலிருந்தும் சான்றுகள் காட்டிக் கலந்துரையாடுக.