சாவியைத் திருப்பிய பிறகு ஒரு நிமிஷம்: காருக்குள் ராஸ்பெர்ரி பை

ராஸ்பெர்ரி பையை வச்சு கார் கேமரா, ஜிபிஎஸ் பதிவுக் கருவி செய்யணும்னு நம்மில் பலருக்கு ஆசை. மேசையில நல்லா ஓடுற அதே கருவி, காரில் ஏறினதும் தகராறு பண்ணும். காரணம் நிரல் இல்லை, மின்சாரம்.

ரமணாசிரமம் வாசலில் நிற்கும் வாடகைக் காரை எடுத்துக்குவோம். ஆசிரமத்திலிருந்து பெரிய கோயில், அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட், திரும்ப செங்கம் ரோடு. எல்லாம் சின்னச் சின்னச் சவாரி. ஒரு நாளில் பல தடவை இன்ஜின் அணையும், கிளம்பும். பௌர்ணமி வந்தா 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். வண்டி ஊருக்கு வெளியே மணிக்கணக்கா நிற்கும். இந்த இரண்டையும் தாங்கினா, அந்தக் கருவி எந்த ஊரிலும் ஓடும்.

12 வோல்ட் என்பது பேருக்குத்தான்

இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த நொடியில் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். நடுவில் திடீர் உச்ச மின்னழுத்தமும் வரும். பைக்கு வேண்டியதோ நிலையான 5 வோல்ட். பை 4 என்றால் 3 ஆம்பியர் வரை. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனா மின்னல் குறி காட்டி எச்சரிக்கும்.

அதனால 6 முதல் 36 வோல்ட் வரை உள்வாங்கும் பக் கன்வெர்ட்டர் வாங்குங்க. வெளியீட்டை 5.1 வோல்ட்டில் வையுங்க. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ், கன்வெர்ட்டர் முன்னாடி ஒரு டிவிஎஸ் டையோடு. பைக்குப் போகும் வயர் குட்டையா, தடிமனா இருக்கட்டும்.

சாவி சொல்வது செய்தி

பையை நேரா இக்னிஷன் வயரில் மாட்டினா என்ன ஆகும்? சாவியைத் திருப்பின கணமே மின்சாரம் போயிடும். மெமரி கார்டு அப்போ எழுதிக்கிட்டு இருந்தா, கடைசிக் கோப்பு பாதியில் நிற்கும். சில சமயம் கார்டே கெட்டு, அடுத்த தடவை பூட் ஆகாது. விபத்து நடந்தா ஓட்டுநருக்குச் சாட்சியா வேண்டியது அந்தக் கடைசி நிமிஷப் பதிவுதான். அதுவே தொலைஞ்சா கேமரா எதுக்கு?

நேரா பேட்டரியில் மாட்டினா வேறு பிரச்சினை. சும்மா இருக்கும் பை கூட, கன்வெர்ட்டர் இழப்போடு, பேட்டரியிலிருந்து சுமார் 0.35 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 8.4 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு நாளில் காலி. வண்டி அதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் ஆகாது.

தீர்வு: மின்சாரம் பேட்டரியிலிருந்து வரட்டும், சாவி வெறும் செய்தி சொல்லட்டும்.

1. இக்னிஷன் வயரை 2.2 கிலோ ஓம் மின்தடை வழியா ஒரு ஆப்டோகப்ளருக்குக் கொடுங்க. அதன் மறுபக்கம் பையின் ஜிபிஐஓ 17-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில். உள் புல்-அப் போட்டுக்குங்க. சாவி ஆன் என்றால் பின் தாழ்நிலை, ஆஃப் என்றால் உயர்நிலை. 12 வோல்ட் பையைத் தொடவே தொடாது.

2. பைதான் நிரல் அந்தப் பின்னைக் கவனிக்கட்டும். உயர்நிலை வந்ததுமே ஷட்டவுன் கொடுக்காதீங்க. ஸ்டார்ட் பண்ணும்போது பல கார்களில் இந்த வயர் ஓரிரு நொடி செத்துப் பிழைக்கும். தொடர்ந்து 30 நொடி சாவி ஆஃபில் இருந்தா மட்டும் பதிவை மூடி, ஷட்டவுன் கொடுங்க.

3. ஷட்டவுன் ஆன பையும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். அதனால கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு சின்ன 12 வோல்ட் ரிலே. அதை இயக்கும் டிரான்சிஸ்டருக்கு இரண்டு டையோடு வழியா இரண்டு உத்தரவு: ஒன்று சாவியிடமிருந்து, ஒன்று பையின் ஜிபிஐஓ 26-இலிருந்து, இரண்டுக்கும் தனித்தனி மின்தடை உண்டு. எது ஒன்று இருந்தாலும் ரிலே பிடிச்சிருக்கும். ரிலே காயிலுக்குக் குறுக்கே எதிர் டையோடு மறக்கக் கூடாது.

பையின் கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-பவர்ஆஃப் ஓவர்லேயை ஆக்டிவ்-லோ முறையில் போட்டா, ஓடும்வரை 26 உயர்நிலையில் இருக்கும். முழுசா அணைஞ்ச பிறகே தாழும். ரிலே விடும். பேட்டரியிலிருந்து இழுப்பது பூஜ்யம்.

ஷட்டவுன் நடக்கும்போது ஓட்டுநர் மறுபடி சாவி போட்டா? பை அணைஞ்ச நிலையில் நிற்கும். சாவியை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போட்டா பூட் ஆகும். இதை ஓட்டுநரிடம் சொல்லி வையுங்க.

அரசு விதியும் இதே வழிதான்

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணி வாகனங்களில் ஏஐஎஸ் 140 தரத்தில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். ஆட்டோக்களுக்கு விலக்கு உண்டு. வண்டியின் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் உள் பேட்டரியில் குறைந்தது 4 மணி நேரம் அந்தக் கருவி ஓடணும், துண்டிக்கப்பட்ட செய்தியையும் அனுப்பணும். மின்சாரம் போறதை எதிர்பார்த்தே அதை வடிவமைக்கிறாங்க.

செய்து பார்க்க

முதலில் காரைத் தொடாதீங்க. ஆய்வகத்தில் 12 வோல்ட் சப்ளை, சாவிக்குப் பதில் ஒரு சுவிட்ச். ஐம்பது தடவை ஆஃப்-ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் கடைசிக் கோப்பு திறக்குதான்னு பாருங்க. சப்ளையை 8 வோல்ட்டுக்கு இறக்கி, மின்னல் குறி வருதான்னு கவனியுங்க. எல்லாம் தேறின பிறகு காருக்குப் போங்க. அங்கே முதல் வேலை, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுவது.