பார்ப்பது வேறு, நோக்குவது வேறு

'ரோபோ' என்ற சொல்லை இன்று அறியாதவர் இல்லை. ஆனால் அச்சொல் பிறந்த கதையை அறிந்தவர் சிலரே. செக்கோஸ்லோவாக்கியா நாட்டைச் சேர்ந்த காரல் சாப்பெக் என்னும் எழுத்தாளர் 1920-ஆம் ஆண்டில் நாடகம் ஒன்றை எழுதினார். மனிதனுக்காக உழைக்கும் செயற்கை மனிதர்கள் அதில் வருகின்றனர். அவர்களுக்கு என்ன பெயர் சூட்டுவது என்று அவர் திகைத்தபோது, ஓவியரான அவருடைய அண்ணன் யோசெப் சொல்லிக் கொடுத்த பெயரே ரோபோ. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு என்று பொருள்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1933-இல், அதே நாட்டின் பிராட்டிஸ்லாவா நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரோபோக்களுக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்த பேராசிரியர்களுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படும் டாக்டர் ருஜெனா பாய்ச்சி அம்மையாரே அக்குழந்தை. அவருடைய வாழ்வையும், அவர் உலகுக்கு எடுத்துச் சொன்ன ஓர் உண்மையையும் இங்குக் காண்போம்.

கண் இல்லாத கை

தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் ரோபோவின் பெயர் 'யூனிமேட்'. 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அது நிறுவப்பட்டது. அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் பணி. மனிதர் கையைச் சுட்டுவிடக் கூடிய அவ்வேலையை அது களைப்பின்றிச் செய்தது. ஆனால் அதற்குப் பார்வை இல்லை. எந்த இடத்திற்குக் கை நீட்ட வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டதோ, அங்கேதான் நீட்டும். பொருள் ஒரு சாண் தள்ளியிருந்தால் வெறுங்காற்றைத்தான் பற்றும்.

அப்படியானால், ரோபோவுக்கு ஒரு காமிராவைப் பொருத்திவிட்டால் போதாதா? போதாது என்பதை அனுபவம் காட்டியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் என்னும் ஆராய்ச்சியாளர் காமிரா பொருத்திய ஒரு சிறு வண்டியை இயக்கி வந்தார். 1979-இல் அவ்வண்டி நாற்காலிகள் போடப்பட்ட ஓர் அறையை மனிதர் உதவியின்றிக் கடந்தது. அதற்குப் பிடித்த நேரம் ஏறத்தாழ ஐந்து மணி! ஒரு மீட்டர் தூரம் நகரும். நின்று ஒன்பது படங்கள் எடுக்கும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் அவற்றைக் கணக்கிடும். பிறகு மீண்டும் ஒரு மீட்டர். எதிரே தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே ஒன்பது படங்கள்தாம். நடை பழகும் குழந்தையோ அதே அறையை ஒரு நிமிடத்தில் கடந்து, வழியில் கிடக்கும் பொம்மையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். குழந்தைக்குத் தெரிந்தது கணிப்பொறிக்கு ஏன் தெரியவில்லை?

போரில் தப்பிய சிறுமி

இக்கேள்விக்கு விடை தேடியவருள் ஒருவரே பாய்ச்சி அம்மையார். அவருடைய இளமை துயரம் நிறைந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பதினொரு வயதானபோது, 1944-இன் இறுதியில், அவர் குடும்பத்துப் பெரியவர்களுள் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் அவரும் அவருடைய சகோதரியுமே. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில், அநாதை இல்லங்களிலும் பிறர் வீடுகளிலும் அவர் வளர்ந்தார்.

எல்லாவற்றையும் இழந்த அச்சிறுமி கல்வியை விடவில்லை. பெண்கள் அரிதாகவே காலடி வைத்த மின்பொறியியலைப் பயின்று, 1967-இல் தம் நாட்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்று, மீண்டும் மாணவியாக அமர்ந்து, 1972-இல் கணிப்பொறி விஞ்ஞானத்தில் இரண்டாவது டாக்டர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். 1979-இல் அங்கே அவர் நிறுவிய ரோபோ ஆய்வுக்கூடத்திற்கு 'கிராஸ்ப்' என்று பெயர். கையால் பற்றுதல், அறிவால் புரிந்துகொள்ளுதல் என இரு பொருளும் தரும் அழகிய ஆங்கிலச் சொல் அது.

அவர் கண்ட உண்மை

1988-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: பார்வை என்பது படம் பிடிப்பதோடு முடிவதில்லை, தேடிச் சென்று அறிவதே பார்வை.

நம் வீட்டிலேயே இதைக் காணலாம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் அம்மா அதைத் தூரத்தில் நின்று பார்த்து வாங்குவதில்லை. கையில் எடுத்துத் திருப்புகிறார், காம்பைப் பார்க்கிறார், புழுத்துளை உண்டா என்று வெளிச்சத்தில் பிடிக்கிறார், விரலால் மெல்ல அழுத்துகிறார். ஊசியில் நூல் கோக்கும் பாட்டி தலையைச் சாய்த்து, ஊசியைக் கண்ணருகே கொண்டு வருகிறார். எது தெரியவில்லையோ, அதைத் தெரிந்துகொள்ளத் தக்க வகையில் கண்ணும் கழுத்தும் கையும் சேர்ந்து இயங்குகின்றன.

ரோபோவும் அவ்வாறே செய்ய வேண்டும் என்றார் அம்மையார். முதலில், 'எனக்கு இப்போது தெரியாதது எது?' என்று அது தன்னையே கேட்க வேண்டும். பிறகு எங்கிருந்து பார்த்தால் அது தெரியும் என்று முடிவு செய்ய வேண்டும். காமிராவை நகர்த்தியோ, அதன் லென்சைத் திருத்தியோ, தேவையானால் செயற்கை விரலால் தொட்டோ அறிய வேண்டும். அறிந்ததைக் கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு கோப்பையின் பிடி பின்புறம் மறைந்திருந்தால், ஒரே படத்தை ஆயிரம் முறை ஆராய்ந்தாலும் பிடி தெரியாது. அரை வட்டம் சுற்றிப் போனால் உடனே தெரிந்துவிடும்!

அதே ஆசிரியரிடம் பயின்ற நம் நாட்டவர்

ஸ்டான்போர்டில் பாய்ச்சி அம்மையாருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர் ஜான் மக்கார்த்தி. 'செயற்கை அறிவு' என்ற துறைக்கே பெயர் சூட்டியவர் அவர். அவரிடமே 1966-இல் டாக்டர் பட்டம் பெற்ற மற்றொருவர் ராஜ் ரெட்டி. ஆந்திரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, நம் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். மனிதப் பேச்சைக் கணிப்பொறி புரிந்துகொள்ள வழி தேடியவர். கிராஸ்ப் தோன்றிய அதே 1979-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி அதன் முதல் இயக்குநரானார். 1994-இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றார். ஒருவர் கண்ணுக்கும் மற்றவர் காதுக்கும் வழி தேடினர் எனலாம்.

இத்துறையில் இன்னும் பல பெண்மணிகள் ஒளிர்கின்றனர். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உலக வர்த்தக மையக் கட்டிடங்கள் இடிந்து விழுந்தபோது, மனிதரும் மோப்ப நாயும் நுழைய முடியாத இடுக்குகளில் சிறு ரோபோக்களை அனுப்பித் தேட உதவினார் பேராசிரியை ராபின் மர்பி. இந்தியாவில் வளர்ந்த பேராசிரியை ராதிகா நாக்பால், தம் குழுவினருடன் 2014-இல் 1,024 சின்னஞ்சிறு ரோபோக்களை ஒன்றாக இயங்கச் செய்து காட்டினார். ஒவ்வொன்றும் அறிவது தன் அண்டை அயலாரை மட்டுமே. ஆயினும் எல்லாம் சேர்ந்து ஒரு நட்சத்திர வடிவத்தில் அணிவகுத்து நின்றன.

நமக்குரிய பாடம்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முன்னோர் வாக்கு. இயந்திரத்திற்கு அம்மையார் கற்றுக் கொடுத்த பாடமும் ஏறக்குறைய இதுவே. வகுப்பில் அமர்ந்திருப்பதால் மட்டும் பாடம் நம்முள் புகுந்துவிடாது. எனக்கு எது விளங்கவில்லை என்று கண்டுபிடித்து, எழுந்து நின்று கேட்கும் மாணவியே கற்கிறாள். அருகில் அமர்ந்திருக்கும் தோழி வாடியிருப்பது கண்ணில் படலாம். ஏன் வாடியிருக்கிறாள் என்பது அவளிடம் சென்று கேட்டால்தான் தெரியும்.

தோழியரே, உற்றாரையும் உறைவிடத்தையும் இழந்த ஒரு சிறுமி, 'எனக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்?' என்று வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். இறைவன் நமக்கு விலையின்றித் தந்திருக்கும் கண்களைக் கொண்டு நாமும் வெறுமனே பார்த்திராமல், நோக்கி அறிய முயல்வோமாக!