டிஸ்க் 100 சதவீதமா? அணைக்கும் முன் எண்ணைப் பாருங்கள்

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். அந்த நேரம் பார்த்து டாலி திறக்க மாட்டேன் என்கிறது. எக்செல் வெளுத்துப்போய் நிற்கிறது. உடனே ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். கோளாறு நடந்துகொண்டிருக்கும்போதுதான் காரணம் கண்ணில் படும். அணைத்துவிட்டால் தடயமும் போய்விடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற தலைப்பின் மேல் 100 என்று இருந்தால், டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நினைத்துப் பலர் பழைய கோப்புகளை அழிக்கத் தொடங்குகிறார்கள். இது இடத்தின் கணக்கே இல்லை, நேரத்தின் கணக்கு. டிஸ்க்குக்கு ஒரு நொடிகூட ஓய்வில்லை என்பதே பொருள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் டிஸ்கைச் சொடுக்கினால் இன்னும் இரண்டு எண்கள் தெரியும்: படிக்கும், எழுதும் வேகம் ஒன்று, சராசரி ரெஸ்பான்ஸ் நேரம் மற்றொன்று. 100 சதவீதம் ஓடியும் வினாடிக்கு ஒன்றிரண்டு எம்.பி.தான் நகர்கிறது என்றால், டிஸ்க் திணறுகிறது.

ஏன் திணறுகிறது? பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுவது. அதாவது வினாடிக்கு 90 சுற்று. கேட்ட தகவல் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 5.5 மில்லி வினாடி ஆகும். ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 10 மில்லி வினாடி அளவுக்குப் பிடிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சின்னச் சின்னத் தகவல்களை வினாடிக்கு நூறு முறை எடுப்பதே அதற்குக் கடினம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் முறை செய்துவிடும். நான்கைந்து புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கேட்டாலே ஹார்டு டிஸ்க் நின்றுவிடுவது இதனால்தான்.

அடுத்து, யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். டிஸ்க் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் எடுப்பவர் மேலே வருவார். ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்றிருந்தால் அது விண்டோஸ் டிஃபெண்டர். தயவுசெய்து அதை அணைக்காதீர்கள். ஸ்கேனை உணவு இடைவேளைக்கு மாற்றித் தரும்படி ஐ.டி. பிரிவைக் கேளுங்கள். ஒன்டிரைவ் என்றால் சின்க்கை 2 மணி நேரம் நிறுத்திவைக்க அதிலேயே வசதி இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் அல்லது சர்ச் இண்டெக்ஸர் என்றால் பொறுங்கள், முடிந்துவிடும். யூடியூபில் எல்லோரும் நிறுத்தச் சொல்லும் சிஸ்மெயின், விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்த அதே சேவைதான். சோதனைக்காக நிறுத்திப் பார்க்கலாம். மாற்றம் இல்லையென்றால் திரும்ப ஓடவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கச் சொல்லும் வீடியோக்களை மட்டும் அலுவலகக் கம்ப்யூட்டரில் முயலவே வேண்டாம்.

மெமரி தலைப்பையும் சேர்த்துப் பாருங்கள். 4 ஜிபி ராமில் குரோமின் இருபது டேப்களும் டாலியும் எக்செல்லும் திறந்திருந்தால் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டும். இடம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் உள்ள பேஜ்ஃபைலில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கும். இங்கே டிஸ்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டியது ராம்.

சிறிய ஆடிட்டர் அலுவலகங்களில் இன்னொன்றும் நடக்கும். டாலி டேட்டா ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும், மற்றவர்கள் நெட்வொர்க் வழியே அதைத் திறப்பார்கள். டேட்டா வைத்திருப்பவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருடைய டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் அது வெறுமனே சிஸ்டம் என்ற பெயரில் தெரியும். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பக்கத்தைப் பார்த்தால் எந்தக் கோப்பு என்பது பாதையோடு தெரிந்துவிடும். அலுவலகத்தில் ஒரே ஒரு எஸ்எஸ்டி வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால், அதை அந்தக் கம்ப்யூட்டருக்குப் போடுங்கள்.

பட்டியலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, ஆனாலும் 100; ரெஸ்பான்ஸ் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி வினாடி; உள்ளே டிக் டிக் என்று சத்தம் வேறு. இப்படி இருந்தால் டிஸ்க் சாகும் நிலையில் இருக்கக்கூடும். எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள். செக்டிஸ்க் ஓட்டிச் சரிசெய்யலாம் என்று பலரும் பாய்கிறார்கள். முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் படிக்கும் அந்தச் சோதனையைத் தளர்ந்த டிஸ்க் தாங்காமல் போகலாம். டேட்டாவும் அதோடு போகும். பேக்கப் கைக்கு வந்த பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றியே ஆக வேண்டும். டெஸ்க்டாப் என்றால் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மேலதிகாரிக்கு எழுதலாம். ‘சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது’ என்ற மெயிலுக்கு வரும் பதில் பெரும்பாலும் ‘ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’. அதற்குப் பதில், எத்தனை மணிக்கு நடந்தது, டிஸ்க் சதவீதம், வேகம், ரெஸ்பான்ஸ் நேரம், மேலே நின்ற புரோகிராம், ராம் அளவு இவற்றை நான்கு வரியில் எழுதி, விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் அழுத்தி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். கேட்பது ராமா, எஸ்எஸ்டியா என்று தெளிவாகச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்காத பழையது என்றால், எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதைவிடப் புதுக் கம்ப்யூட்டர் கேட்பதே நியாயம்.

ஒப்புதல் கிடைத்ததும் 20ஆம் தேதி கழிந்த பிறகு ஒரு நாளைக் குறியுங்கள். கம்ப்யூட்டரையே மாற்றுவதாக இருந்தால், பழையதை எடுத்துப் போகும் முன் அதில் உள்ள டாலி லைசென்ஸைச் சரண்டர் செய்யச் சொல்லுங்கள். டிஸ்க் மட்டும்தான் என்றால், பழையதை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்யச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் புதிதாக நிறுவும் ஒரு நாள் வேலை மிச்சம்.