எருவும் குத்தகையும்



லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்திலே நமது ஆண்டவர் ஓர் அத்திமரத்தின் உவமையைச் சொல்லியிருக்கிறார். தோட்டத்துச் சொந்தக்காரன் மூன்று வருஷமாய் வந்து கனி தேடினான்; காணாமையால் மரத்தை வெட்டச் சொன்னான். தோட்டக்காரனோ, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கும்படியும், தான் சுற்றிலும் கொத்தி எரு இடுவதாகவும் மன்றாடினான். இவ்வுவமை மனந்திரும்புதலைப் பற்றியதே. ஆயினும் உழவனுக்கு அந்த எரு மெய்யான எருவுமாம்.

எரு செய்வது என்ன? யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. அது பயிருக்கு விரைவில் ஊட்டும்; ஆனால் மண்ணில் மக்கு சேர்க்காது. தொழுவெருவும் தழையும் மக்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இரையாகும். அவ்வுயிர்கள் சத்தைச் சிறிது சிறிதாய்ப் பயிருக்கு விடுவிக்கின்றன. சணப்பு, தக்கைப்பூண்டு இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தையே பிடித்துக் கொடுக்கும். ஆகையால் பூக்கும் பருவத்தில் அவற்றை மடக்கி உழுது, பிறகு நெல் நடுகிறார்கள்.

தஞ்சை ஜில்லாவில் 1938-ல் பிறந்த நம்மாழ்வார், கோவில்பட்டி அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். விலைகொடுத்து வாங்கும் உரமும் மருந்தும் மானாவாரிக் குடியானவனைக் கரையேற்றா என்று கண்டு, 1969-ல் வேலையை விட்டார். 2013-ல் இறக்கும்வரை ஊர் ஊராய் எருவின் வழியையே போதித்தார். நமக்கு வடக்கே ஆரோவில் மேட்டில், 1968 முதல் குடியேறியவர்கள் கண்டது மழை அரித்த செம்மண். வரப்புக் கட்டி, மரம் வைத்து, வருஷக்கணக்காய்க் காத்த பிறகே அது பசுமையாயிற்று.

இதில் நீதியும் அடங்கியிருக்கிறது. எருவின் பலன் ஒரு போகத்தோடு முடிவதில்லை. பின்வரும் போகங்களுக்கும் நீடிக்கும். பாகூர்ப் பக்கம் நிலம் வைத்துக்கொண்டு பட்டணத்தில் குடியிருக்கிறவர் வருஷாவருஷம் ஆளை மாற்றினால், எந்தக் குத்தகைக்காரன் அடுத்தவனுக்காக வண்டி வண்டியாய் எரு அடிப்பான்? யூரியாவை வீசிக் கண்டுமுதலை எடுத்துக்கொண்டு போவான். அவனை மட்டும் குறைசொல்லலாகாது. நிலம் தம்முடையது, நாம் அதில் பரதேசிகள் என்று லேவியராகமம் 25-ம் அதிகாரத்தில் சர்வேசுரன் அறிவித்திருக்கிறார். நிலம் சாரமற்றுப் போனால், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே முதலில் கணக்குக் கொடுக்கவேண்டும்.

ஆகையால் நிலமுள்ளவர்கள் குத்தகையைப் பல வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள்; சணப்பு விதைக்குப் பாதிச் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். நிலமில்லாதவர்கள் சமையற்கட்டுக் கழிவைப் பிளாஸ்டிக்கோடு கலவாமல் மக்கவிடுங்கள். உவமையின் தோட்டக்காரன் ஒரு வருஷம் கேட்டான். நம் குத்தகைக்காரருக்கு நாம் மூன்று வருஷமாவது கொடுப்போமாக.